பதக்கமா, பயிற்சியா?

(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

வெள்ளி விழா மேடையில் பழம்பெருமை பேசுவது எளிது. ஆனால் நம் இளைஞர் நாளை எதிர்கொள்ளப் போகும் ஒரு வினாவைப் பற்றிப் பேசுவதே இன்று பயனுடையது என்று கருதுகிறேன். நம் சமுதாயத்தில் முதல் தலைமுறை பள்ளிக்கூடத்தின் வாயிலை மிதித்தது. அடுத்த தலைமுறை கல்லூரியை எட்டியது. இன்றைய தலைமுறையில் சிலர் கடல் கடந்து அமெரிக்கக் கல்லூரிகளில் சேர விண்ணப்பிக்கின்றனர். அங்கே குடியேறிவிட்ட நம் உறவினர் வீட்டுப் பிள்ளைகளும் அக்கல்லூரிகளிலேயே பயில்கின்றனர். இவர்கள் எல்லோர் முன்னும் இரண்டு அழைப்புகள் வந்து நிற்கின்றன. ஒன்று, 'ஆனர்ஸ் திட்டத்தில் சேர்கிறாயா?' என்பது. மற்றொன்று, 'ஆனர் சொசைட்டியில் உறுப்பினர் ஆகிறாயா?' என்பது. இரண்டிலும் 'ஆனர்' என்ற சொல் இருப்பதால் இரண்டும் ஒன்றே எனப் பலர் மயங்குகின்றனர். இரண்டும் ஒன்றல்ல. இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது, எப்போது தேர்ந்தெடுப்பது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஆனர்ஸ் திட்டம் என்பது ஒரு படிப்பு முறை. கல்லூரிக்குள்ளேயே சில மாணவரைத் தேர்ந்து, அவர்களுக்குச் சிறிய வகுப்புகளும், கடினமான நூல்களும், கலந்துரையாடல் வகுப்புகளும், தனி வழிகாட்டியும் அளித்து, இறுதி ஆண்டில் ஒரு முழு ஆய்வுக் கட்டுரையை எழுதச் செய்வது பெரும்பாலான கல்லூரிகளில் அதன் வடிவம். சில கல்லூரிகளில் பாடங்களை முன்னதாகப் பதிவு செய்துகொள்ளும் உரிமையும், தனி விடுதியும், உதவித் தொகையும் இதனோடு சேர்ந்து வரும். சில கல்லூரிகளிலோ இதற்கெனத் தனிக் கட்டணமும் வாங்குவர்.

ஆனர் சொசைட்டி என்பது சிறப்பு மாணவர் சங்கம். நல்ல மதிப்பெண் பெற்றவரை அது உறுப்பினராக அழைக்கிறது. ஒரு விழா நடக்கிறது. சான்றிதழும், சின்னமும், பட்டமளிப்பு விழாவில் அணிந்துகொள்ள வண்ணக் கயிறும் கிடைக்கின்றன. உறுப்பினராக ஒரு கட்டணம் செலுத்த வேண்டும். சில சங்கங்கள் உதவித் தொகையும் அளிக்கின்றன.

இவை இரண்டையும் அன்றி மூன்றாவது ஒன்றும் உண்டு. பட்டச் சான்றிதழிலேயே 'கம் லாடே', 'மாக்னா கம் லாடே', 'சும்மா கம் லாடே' என்னும் இலத்தீன் சொற்களைப் பொறித்துத் தருவர். நம் நாட்டில் முதல் வகுப்பு, தனிச் சிறப்பு என்று குறிப்பதைப் போன்றது அது. பெரும்பாலும் அதற்கு எவரும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. அந்தக் கல்லூரியின் விதிப்படி தகுதி பெற்றவர்க்கு அது தானே வரும்.

ஆகவே வேறுபாட்டைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்: ஆனர்ஸ் திட்டம் இனிமேல் செய்ய வேண்டிய உழைப்புக்கு விடுக்கும் அழைப்பு; சிறப்பு மாணவர் சங்கம் ஏற்கெனவே செய்து முடித்த உழைப்புக்குச் சூட்டும் மாலை. ஒன்று உன்னிடம் வேலை வாங்குகிறது. மற்றொன்று உன்னைப் பாராட்டுகிறது. வாழ்க்கைக்கு இரண்டும் வேண்டியவையே. ஆயினும் எது முன், எது பின் என்பதை அறியாதவர் ஏமாந்து போவர்.

இவற்றின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். அமெரிக்காவின் மிகப் பழைய சிறப்பு மாணவர் சங்கம் ஃபை பீட்டா காப்பா. அந்நாடு விடுதலைப் பிரகடனம் செய்த அதே 1776ஆம் ஆண்டில், டிசம்பர் 5ஆம் நாள், வர்ஜீனியாவில் உள்ள வில்லியம் அண்டு மேரி கல்லூரி மாணவர் சிலர் அதனைத் தோற்றுவித்தனர். 'எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டனர்' என்று அறிவித்த நாட்டில், அடிமைகளின் உழைப்பைக் கொண்டு நடந்த கல்லூரியில், அந்தச் சங்கம் பிறந்தது என்பதை நாம் மறக்கக்கூடாது. ஏறத்தாழ 100 ஆண்டுகள் அதன் கதவு பெண்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் திறக்கப்படவில்லை. 1875இல் வெர்மான்ட் பல்கலைக்கழகக் கிளை முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. 1877இல் அதே கிளை ஜார்ஜ் வாஷிங்டன் ஹெண்டர்சன் என்பவரைத் தேர்ந்தெடுத்தது. அடிமையாகப் பிறந்து, தம் வகுப்பில் முதல்வராகத் தேறியவர் அவர்.

எட்வர்டு புஷே என்பவரின் வரலாறு நமக்கு இன்னும் நெருக்கமானது. யேல் கல்லூரியில் 1874இல் பட்டம் பெற்று, 1876இல் அங்கேயே இயற்பியலில் டாக்டர் பட்டமும் பெற்றார். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. 1884இல் ஃபை பீட்டா காப்பா அவரை உறுப்பினராக ஏற்றது. பட்டமும் இருந்தது, பதக்கமும் வந்தது. எனினும் அக்காலத்து வெள்ளையர் பல்கலைக்கழகம் எதுவும் அவரைப் பேராசிரியராக அமர்த்திக்கொள்ளவில்லை. பிலடெல்பியாவில் கறுப்பின இளைஞர்க்கென நடந்த ஒரு பள்ளியில் 26 ஆண்டுகள் அவர் அறிவியல் கற்பித்தார். சின்னம் திறக்காத கதவுகளும் உலகில் உண்டு என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது. அவர் கற்ற இயற்பியல் வீண் போகவில்லை என்பதையும் அதே வாழ்க்கை காட்டுகிறது. 26 ஆண்டுகளில் அவர் முன் அமர்ந்த மாணவரிடம் சென்று சேர்ந்தது அவருடைய கல்வியேயன்றிச் சின்னம் அன்று.

கறுப்பின மக்களுக்கென நடந்த கல்லூரிகளுக்கு ஃபை பீட்டா காப்பா கிளை வழங்கப்பட்டது எப்போது தெரியுமா? 1953இல்தான். ஃபிஸ்க், ஹோவார்டு ஆகிய இரண்டு பல்கலைக்கழகங்கள் அவ்வாண்டு கிளை பெற்றன. 1776இலிருந்து எண்ணினால் 177 ஆண்டுகள்! அதுவரை அவர்கள் கைகட்டிக் காத்திருக்கவில்லை. 1937இல் டென்னசி மாநிலத்தில், ஜார்ஜ் கோர் என்னும் கல்வியாளரின் முயற்சியால், கறுப்பினக் கல்லூரிகளின் பிரதிநிதிகள் ஒன்றுகூடித் தங்களுக்கென ஒரு கூட்டமைப்பை அமைத்தனர். அதுவே ஆல்ஃபா காப்பா மூ என்னும் சிறப்பு மாணவர் சங்கமாக வளர்ந்தது. மாலை சூட்ட மறுத்தவர் வாயிலில் நிற்காமல், தம் பிள்ளைகளுக்குத் தாமே மாலை தொடுத்தனர். இந்தச் சங்கத்தைத் தொடங்கிய நம் மூத்தோர்க்கு அந்த மனநிலையை நான் விளக்க வேண்டியதில்லை.

ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் 1888இல் பட்டம் பெற்ற டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ், பின்னர் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். உலகறிந்த அறிஞரான அவரை ஃபிஸ்க் கிளை ஃபை பீட்டா காப்பா உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது 1958இல். அப்போது அவருக்கு வயது 90. அதுவரை அவர் எழுதாமல் இருந்தாரா? ஆராயாமல் இருந்தாரா? உழைப்பு முன்னே சென்றது. பெருமை 70 ஆண்டுகள் கழித்து மூச்சிரைக்க ஓடிவந்து சேர்ந்தது.

இனி ஆனர்ஸ் திட்டத்தின் வரலாற்றுக்கு வருவோம். அமெரிக்காவில் இதற்கு உறுதியான வடிவம் தந்தவர்களுள் முதன்மையானவர் ஃபிராங்க் ஐடலாட். ஆக்ஸ்ஃபோர்டில் பயின்று திரும்பிய அவர், பென்சில்வேனியாவில் உள்ள ஸ்வார்த்மோர் கல்லூரியின் தலைவராகி, 1922இல் அங்கே ஆனர்ஸ் திட்டத்தைத் தொடங்கினார். கடைசி இரண்டு ஆண்டுகளில் மாணவர் சிலர் ஒரு பேராசிரியருடன் கூடி அமர்ந்து, கட்டுரை எழுதி, படித்து, வாதிட்டுக் கற்பர். இறுதியில் அவர்களைச் சோதிப்பவர் அவர்தம் ஆசிரியர் அல்லர். வெளியிலிருந்து வரும் வேற்றுக் கல்லூரி அறிஞர்கள்.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை நம் பிள்ளைகள் உடனே உணர்வர். உள்மதிப்பீட்டு மதிப்பெண் ஒருவர் கையில் மட்டும் இருக்கும்போது, அவருடைய விருப்பு வெறுப்பு மாணவன் தலையெழுத்தாகிவிடும் என்பதைப் பட்டறிந்தவர் நாம். சோதிப்பவர் வெளியாராக இருந்தால் ஆசிரியர் நீதிபதியாக இல்லாமல் துணைவராகிறார். 'என் மாணவன் வெல்ல வேண்டும்' என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றுகிறது. எல்லா ஆனர்ஸ் திட்டங்களிலும் இந்த வெளித்தேர்வு முறை இல்லை. ஆனால் ஆசிரியரும் மாணவரும் நெருங்கி அமர்ந்து ஒரு பொருளை ஆழ்ந்து கற்பது என்னும் உட்கரு எல்லா நல்ல திட்டங்களிலும் இருக்கும்.

இந்த முறையின் பயனைக் காட்ட நமக்கு வேற்றார் எவரும் தேவையில்லை. பாபாசாகேப் அம்பேத்கர் 1913இல் பரோடா மன்னரின் உதவித் தொகையுடன் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவர் சென்றது மேற்பட்டப் படிப்புக்கு. கல்லூரி ஆனர்ஸ் திட்டத்துக்கு அன்று. ஆயினும் அவர் கற்ற முறையைப் பாருங்கள். 1916ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், மானிடவியல் அறிஞர் கோல்டன்வைசரின் கலந்துரையாடல் வகுப்பில், இந்தியாவில் சாதிகள் தோன்றிய வகையைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையை அவர் படித்தார். அப்போது அவருக்கு வயது 25. சிறு வகுப்பு ஒன்றில் ஒரு மாணவர் படித்த கட்டுரை அது. 100 ஆண்டுகளுக்குப் பின்னும் உலகம் அதைப் படிக்கிறது. அதே பல்கலைக்கழகம் 1952இல் அவரை அழைத்துச் சட்டத்துறையில் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கிச் சிறப்புச் செய்தது. கட்டுரை 1916; கௌரவம் 1952. இந்த வரிசையை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் பதக்கமே வேண்டாமா என்று கேட்பீர்கள். அப்படி நான் கூறமாட்டேன். பெயரும் செல்வாக்கும் பிறப்பிலேயே வாய்த்தவர் வேண்டுமானால் 'சின்னங்கள் வெறும் அலங்காரம்' என்று பேசலாம். அவர்க்குச் சிபாரிசு செய்ய மாமனும் சிற்றப்பனும் இருப்பர். நம் பிள்ளைக்குச் சிபாரிசு செய்ய யார் இருக்கிறார்? அறியாத ஊரில், அறியாதவர் முன்னிலையில், 'இவன் தகுதியுடையவன்' என்று சொல்லும் ஒரு சான்று அவனுக்குத் தேவைப்படுகிறது. பெருமதிப்புள்ள சங்கத்தின் உறுப்பினர் என்பது அத்தகைய சான்றுகளுள் ஒன்று. அமெரிக்க நடுவண் அரசுப் பணியில் கூட, இளநிலைப் பட்டதாரியை ஒரு படி உயர்ந்த நிலையில் அமர்த்துவதற்கான கல்வித் தகுதிகளுள் ஒன்றாக, ஏற்புடைய தேசியச் சிறப்பு மாணவர் சங்க உறுப்புரிமையைக் கொள்கின்றனர். அங்கே இரண்டாண்டுக் கல்லூரிகளில் பயிலும் மாணவர்க்கென 1918இல் தோன்றிய ஃபை தீட்டா காப்பா சங்கத்தின் உறுப்பினர், நான்காண்டுக் கல்லூரிக்கு மாறும்போது அதற்கெனத் தனி உதவித் தொகைகளுக்கு விண்ணப்பிக்க முடிகிறது. இத்தகைய பயன்களைத் தள்ளிவிடுதல் அறிவுடைமை ஆகாது.

ஆனால் இங்கேதான் ஓர் எச்சரிக்கை வேண்டும். தலைமுறை தலைமுறையாக மதிப்பு மறுக்கப்பட்ட நமக்குப் பெருமையின் மீது ஒரு பசி உண்டு. அது நியாயமான பசி. பிள்ளையின் பெயர் பொறித்த சான்றிதழைச் சுவரில் மாட்டி, ஊரார் காண வேண்டும் என்று எந்தத் தாய்தான் விரும்பமாட்டாள்? அந்தப் பசியை அறிந்து வாணிகம் செய்வோரும் உலகில் இருக்கின்றனர். 'நீ தேர்ந்தெடுக்கப்பட்டாய்' என்று மடல் வரும். கீழே கட்டணம் குறிக்கப்பட்டிருக்கும். எந்தப் பேராசிரியர் தேர்ந்தெடுத்தார் என்று இராது. அக்கல்லூரியில் கிளையே இராது. இத்தகைய மடலுக்குப் பணம் அனுப்புவது, விலை கொடுத்து வாங்கிய மாலையைத் தன் கழுத்தில் தானே போட்டுக்கொள்வதாகும்.

நல்ல சங்கத்தைப் போலியிலிருந்து பிரித்தறிய நான்கு கேள்விகள் போதும். உன் கல்லூரியில் அதற்குக் கிளை உண்டா? ஆசிரியர் கூடித் தேர்ந்தெடுக்கின்றனரா? இன்ன மதிப்பெண், வகுப்பில் இன்ன நிலை என்று தகுதி வெளிப்படையாக வரையறுக்கப்பட்டுள்ளதா? கட்டணம் ஒரு முறையா, ஆண்டுதோறுமா? கல்லூரிச் சிறப்புச் சங்கங்களின் கூட்டமைப்பு ஒன்று அங்கே 1925 முதல் இயங்குகிறது. உறுப்புச் சங்கங்களுக்கு அது குறைந்த அளவுத் தகுதிகளை வரையறுத்துள்ளது. அதன் பட்டியலைப் பார்ப்பதும் உதவும். பட்டியலில் இல்லாத எல்லாமே போலி என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். ஐயம் எழுந்தால் கல்லூரியின் டீன் அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்த பின்னரே பணத்தை எடுக்க வேண்டும்.

ஆனர்ஸ் திட்டத்திலும் கண்ணை மூடிக்கொண்டு சேரக்கூடாது. அங்கும் கேள்விகள் உண்டு. சிறப்பு வகுப்புகள் உண்மையிலேயே சிறிய வகுப்புகளா? அவற்றை நடத்துபவர் மூத்த பேராசிரியரா? இறுதிக் கட்டுரைக்கு வழிகாட்டி கிடைப்பாரா? திட்டத்தில் நீடிக்க எந்த அளவு மதிப்பெண் வேண்டும்? தவறினால் உதவித் தொகையும் பறிபோகுமா? தனிக் கட்டணம் எவ்வளவு? சேர்ந்தவருள் எத்தனை பேர் முடிக்கின்றனர்? இவற்றுக்குத் தெளிவான விடை சொல்லாத திட்டம் பெயரளவில் ஆனர்ஸ், உள்ளே வெறுங்கூடு.

பண வசதி பற்றியும் ஒரு சொல். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2001இல் தொடங்கிய மெக்காலே ஆனர்ஸ் கல்லூரி, அம்மாநில வசிப்பு விதிகளுக்கு உட்பட்ட தன் மாணவர்க்குக் கல்விக் கட்டணத்தை முழுமையாக ஏற்கிறது. அங்கே குடியேறிய நம் உறவினர் பிள்ளைகளுக்கு இஃது அரிய வாய்ப்பு. இங்கிருந்து செல்லும் மாணவரோ அதே சலுகை தமக்கும் உண்டென்று எண்ணிவிடக்கூடாது. வெளிநாட்டு மாணவர் படிப்புக் காலத்தில் கல்லூரி வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம் வரைதான் வேலை செய்யலாம் என்பது அந்நாட்டு விதி. அந்த வருவாயையும் நம்பி, பொறியியல் போன்ற சுமை மிக்க பாடத்தையும் எடுத்து, ஆனர்ஸ் திட்டத்தையும் தலையில் ஏற்றிக்கொண்டால் உடலும் மனமும் தளரும். அத்தகையவர் முதல் பருவத்தில் காலூன்றிக்கொண்டு, பின்னர்ச் சேரலாம். முதலாண்டு முடிந்த பின்னும் மாணவரைச் சேர்த்துக்கொள்ளும் திட்டங்கள் பல உள்ளன. அதுவும் இயலாதெனில், ஒரு பேராசிரியரை அணுகித் தனி ஆய்வுப் பாடம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பெயர் ஆனர்ஸ் இல்லாவிட்டாலும் பயன் அதுவே.

ஆகவே, தம்பி தங்கைகளே, என் கருத்தைத் தொகுத்துச் சொல்கிறேன். பொருளும் நேரமும் இடம் கொடுக்குமாயின் முதலில் ஆனர்ஸ் திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கே நீங்கள் எழுதும் கட்டுரையும், உங்களை நெருங்கி அறிந்த ஆசிரியர் எழுதித்தரும் பரிந்துரை மடலும் மேற்படிப்புக்கும் பணிக்கும் துணை நிற்கும். அவ்வுழைப்பின் பின்னே நல்ல சங்கத்தின் அழைப்பு வந்தால், நான்கு கேள்விகளையும் கேட்டு, மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டையும் பெறுவதற்குத் தடை ஏதும் இல்லை. கையில் இருக்கும் சிறு பணத்தால் ஒன்றுதான் இயலும் என்றால், சின்னத்துக்குச் செலவிடாமல் நூலுக்குச் செலவிடுங்கள்.

சங்கத்தின் பெரியோர்க்கும் இரண்டு வேண்டுகோள்கள். நம் பட்டதாரிகள் மூவரைக் கொண்டு ஒரு சிறு குழு அமையுங்கள். வெளிநாட்டிலிருந்தோ உள்நாட்டிலிருந்தோ 'சிறப்பு' என்ற பெயரில் பணம் கேட்டு வரும் எந்த மடலையும், குடும்பத்தார் பணம் கட்டும் முன் அக்குழு படித்துப் பார்த்துச் சொல்லட்டும். எழுத்தறியாத தாய் தந்தையர் கடன் வாங்கி ஏமாறாமல் இருக்க அது உதவும்.

இரண்டாவது, இச்சங்கக் கட்டடத்திலேயே மாதம் ஒரு மாலை, ஒரு மாணவரோ மாணவியோ தாம் ஆராய்ந்து எழுதிய கட்டுரையைப் படிக்கட்டும். மூத்தோர் கேள்வி கேட்கட்டும். வேற்றூர் ஆசிரியர் ஒருவரை அழைத்து மதிப்பிடச் செய்யலாம். ஊரின் ஏரிப் பாசனம், பஞ்சமி நிலங்களின் நிலை, பள்ளியில் இடைநின்ற பிள்ளைகளின் கணக்கு என்று எழுதப் பொருளுக்கா பஞ்சம்? ஓராண்டில் 12 கட்டுரைகள் சேரும். அவற்றைச் சங்கம் நூலாக்கினால், அடுத்த தலைமுறைக்கு அதைவிடச் சிறந்த பதக்கம் வேறில்லை. ஆனர்ஸ் கல்வியின் உட்கரு அதுவே. அதற்குக் கடல் கடக்க வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை.

கற்றலை முன்னே விடுங்கள். பெருமை பின்னே வரட்டும். வெள்ளி விழாக் காணும் இச்சங்கம் பொன் விழாவும் கண்டு, பல்லாயிரம் பிள்ளைகளைக் கரையேற்றட்டும் என வாழ்த்தி விடைபெறுகிறேன்.